திருச்சி வரைக்கும் போய் வாங்கின சத்து மாத்திரை

புதுசா வேலைக்கு வந்திருக்கிற டாக்டர் பிள்ளைங்களா, போன வாரம் பெரம்பலூர்ல உங்க பயிற்சி வகுப்புக்கு என்னைப் பேசக் கூப்பிட்டாங்க. படம் போட்டுப் பேசணும்னாங்க, எனக்கு அது வராதுன்னுட்டேன். வாயாலயே பேசி முடிச்சேன். கடைசியில பின்வரிசையில இருந்து ஒரு பொண்ணு எழுந்திரிச்சு, "மேடம், நம்ம கண்ணு முன்னாடியே மாத்திரை சாப்பிட்டவருக்கு மறுபடியும் மலேரியா வந்தா யாரைச் சந்தேகப்படறது?"ன்னு கேட்டுச்சு. நல்ல கேள்வி. ஆனா அதுக்குள்ள டீயும் வடையும் வந்துருச்சு. வடை வந்தப்புறம் எவன் பதில் கேக்கிறான்? அதான் இப்ப உக்காந்து எழுதுறேன்.

அந்தப் பொண்ணுக்கு ஒரே வரியில பதில் சொல்லிடலாம். முதல்ல மாத்திரையைச் சந்தேகப்படு, அடுத்து நம்மளைச் சந்தேகப்படு, அப்புறம் அந்த உடம்பைச் சந்தேகப்படு, ஆளைச் சந்தேகப்படறதுன்னா கடைசியில பாத்துக்கலாம். நம்ம துறையில இதைத் தலைகீழாத்தான் செய்வாங்க. நான் செந்துறைப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல பொறுப்பு டாக்டரா இருந்தப்ப வந்த ஒரு கேஸைச் சொல்றேன், நீங்களே பாத்துக்குங்க.

நம்ம பக்கம் மலேரியா இப்பல்லாம் அபூர்வம். வந்தா வெளியில இருந்துதான் வரும். சிமெண்ட் ஆலைக்கு வேலைக்கு வர்ற வடக்கத்திப் பிள்ளைங்க கொண்டு வருவாங்க. இல்லன்னா இங்க இருந்து போர் வண்டிக்குப் போற நம்ம ஆளுங்க கொண்டு வருவாங்க. போர் வண்டின்னா ஆழ்துளைக் கிணறு போடுற லாரி. ஒடிசா, சத்தீஸ்கர்னு காட்டுக்குள்ள போயி மாசக்கணக்குல கிடப்பாங்க. கொசுவுக்குக் கேக்கணுமா?

செல்வராசு அப்படிப் போன ஆளு. ஆளு தாட்டியா இருப்பாரு, குரல் மட்டும் வெளியவே வராது. அவங்க அப்பா காலம் வரைக்கும் அடுத்தவங்க கொல்லைக்காட்டுல கூலி வேலை. இவருதான் வண்டி ஏறிப் போயி, சம்பாரிச்சு, கூரை வீட்டை மெத்தை வீடாக்கினவரு. ஊருக்கு வந்த இடத்துல குளிர் காய்ச்சல். போர்வையைச் சுத்திக்கிட்டு என் அறைக்குள்ள வந்தாரு, கூடவே அவரு பொண்டாட்டி கனகா. ஆண்டிமடத்துப் பொண்ணு. இடுப்புல ஒரு பெண் குழந்தை, வாயில ஓயாத பேச்சு.

"எப்ப இருந்துப்பா காய்ச்சல்?"னு அவரைக் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமையில இருந்துங்க டாக்டரம்மா. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தூக்கித் தூக்கிப் போடுது"ன்னா கனகா.

"வேற ஏதாவது மாத்திரை தினமும் சாப்பிடுறியாப்பா?"

"சத்து மாத்திரைதாங்க. வேற ஒண்ணும் இல்லைங்க." இதுவும் கனகாதான். அந்த மனுசன் வாயைத் திறக்கவே இல்லை.

"ஏம்மா, உன்னையா கேட்டேன்?"

"அவருக்குப் பல்லு தந்தியடிக்குதுங்க. அதான் நான் சொல்றேன்."

எங்க நர்சம்மா சிரிச்சுட்டாங்க. அன்னையில இருந்து நாங்க கனகாவுக்கு வெச்ச பேரு வக்கீலம்மா. புருசனுக்காக அவ வாதாடாத இடமே கிடையாது, அது உங்களுக்கே போகப் போகத் தெரியும்.

ரத்தத்துல பாத்தோம், வைவாக்ஸ் மலேரியா. உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனா இதைப் படிக்கிறவங்க வீட்டுலயும் நாலு பேர் இருப்பாங்க, அவங்களுக்காகச் சொல்றேன். இந்தக் கிருமி ரத்தத்துல ஆட்டம் போடுறது பாதி, மீதி ஈரலுக்குள்ள போயித் தூங்கிரும். ரத்தத்துல இருக்கிறதைக் கொல்ல ஒரு மாத்திரை, ஈரல்ல தூங்குறதைக் கொல்ல இன்னொரு மாத்திரை. ரெண்டாவது மாத்திரைக்குப் பேரு பிரைமாகுயின், ரெண்டு வாரம் விடாம சாப்பிடணும். அதைக் குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு ரத்தச் சோதனை கட்டாயம், ஏன்னு பின்னாடி சொல்றேன். செல்வராசுக்கு அந்தச் சோதனை சரியா இருந்துச்சு. எடை பாத்து, அளவு பாத்து மாத்திரையைக் குடுத்து அனுப்பினோம்.

கொஞ்ச நாள்ல அதே காய்ச்சல், அதே போர்வை.

இந்தத் தடவை ஊரே பேச ஆரம்பிச்சிருச்சு. ஒருத்தருக்கு மலேரியா வந்தா தெருவுல எல்லாருக்கும் விரல்ல குத்திப் பாப்போம்ல, புகை அடிப்போம்ல. பிள்ளைங்க எல்லாம் வீல்னு அழுவுது. "போர் வண்டிக்குப் போனவன் கொண்டாந்த வினை. குடுத்த மாத்திரையை ஒழுங்காத் தின்னா நமக்கு எதுக்கு இந்தக் குத்து?"ன்னு தண்ணிக் குழாயடியில ஒரு பொம்பளை சொல்லியிருக்கா. கனகா குடத்தைக் கீழ வெச்சுட்டு, "என் வூட்டுக்காரரு தின்னாரா இல்லையான்னு நீ வந்து பாத்தியா? நான் பாத்தேன்!"னு பிடிபிடின்னு பிடிச்சிருக்கா. நல்லவேளை, யாரும் முடியைப் பிடிச்சுக்கலை.

"சாப்பிட்டேங்க"ன்னு செல்வராசு என்கிட்டச் சொன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. நான் நம்புனேன். ஆனா நான் நம்புனா மட்டும் போதாது. அதனால ரெண்டாவது தடவை மாத்திரையை வீட்டுக்குக் குடுக்கலை. தினமும் காலையில கஞ்சியோ சோறோ சாப்பிட்டுட்டு இங்க வரணும், எங்க முன்னாடி முழுங்கணும், வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டணும்.

அது எவ்வளவு பெரிய கொடுமைன்னு யோசிச்சுப் பாருங்க. அவ்வளவு பெரிய ஆம்பளை, புறநோயாளி வரிசையில சுகர் மாத்திரைக்கு நிக்கிற கிழவிங்க முன்னாடி தினமும் 'ஆ' காட்டணும். "நல்லாத் தூக்கிக் காட்டு ராசா, உன் நாக்குக்கு அடியில நாமக்கட்டி இருக்குதான்னு பாப்போம்"னு ஒரு கிழவி தினமும் கிண்டல். அவரு முகம் செத்துப் போகும். ஆனாலும் ஒரு நாள் கூட வராம இருந்ததில்லை. மழை ஊத்தின அன்னைக்கும் நனைஞ்சுக்கிட்டே வந்தாரு. பாதி நாள் நானே நின்னு பாத்தேன், மீதி நாள் நர்சம்மா பாத்தாங்க.

அப்புறமும் காய்ச்சல் வந்துச்சு.

மூணாவது தடவை அவரு என் அறை வாசல்ல நின்னது இன்னும் கண்ணுல இருக்கு. எலும்பும் தோலுமா இருந்தாரு, சட்டை தொளதொளன்னு தொங்குது. காய்ச்சல்னு சொல்லலை, குளிருதுன்னு சொல்லலை. "டாக்டரம்மா, நான் துப்பலைங்க"ன்னாரு. உடம்பு கொதிக்கிற ஒரு மனுசன் முதல்ல தன்னை நிரபராதின்னு சொல்ற மாதிரி ஆக்கி வெச்சுட்டோமேன்னு கோவம் கோவமா வந்துச்சு.

பின்னாடி நின்ன கனகா அன்னைக்குத்தான் அழுதா. போர் வண்டி முதலாளியோட ஆளு ஃபோன் பண்ணியிருக்கான். "காய்ச்சல் அடிச்சுக்கிட்டே இருந்தா காட்டுக்குள்ள உன்னை எவன் தூக்கிச் சுமப்பான்? சரியாயிருச்சுன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா வா, இல்லன்னா உன் இடத்துக்கு வேற ஆளு போட்டுடுவோம்"னு சொல்லிட்டானாம். அந்தக் குடும்பத்துக்கு வேற பிடிமானம் கிடையாது. மெத்தை வீட்டுக்கு இன்னும் பூச்சு வேலை கூட முடியலை.

அன்னைக்கு மத்தியானம் மேலதிகாரி ஒருத்தர் ஃபோன்ல வந்தாரு. மாவட்டத்துல ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்ப மலேரியான்னா அவருக்கும் மேல இருந்து கேள்வி வரும், பாவம்.

"என்ன மேடம், அந்த ஆளு மாத்திரையைத் துப்பறான். ஒத்துழைக்காத நோயாளின்னு போட்டு முடிங்க."

"துப்பலை சார். நான் நாக்கைத் தூக்கிப் பாத்திருக்கேன்."

"வெளிய போயி வாந்தி எடுத்திருப்பான்."

"சார், அரை மணி நேரம் உக்கார வெச்சுத்தான் அனுப்புவோம்."

"அப்ப அளவை ரெட்டிப்பாக்கிக் குடுங்க. தூங்குற கிருமி என்ன, எல்லாம் செத்துரும்."

"குடுக்க மாட்டேன் சார்"னேன்.

ஏன் மாட்டேன்னேன் தெரியுமா? முன்னாடி ஒரு ரத்தச் சோதனை கட்டாயம்னேன்ல, அந்தக் கதைதான். நான் வேலைக்கு வந்த புதுசுல, வேற ஊர்ல, இதே மாத்திரையைச் சாப்பிட்ட ஒருத்தருக்கு மூத்திரம் கட்டங்காப்பி நிறத்துல போச்சு. கண்ணு மஞ்சள், மூச்சு வாங்குது. அவரு ரத்த அணுவுக்கு இந்த மாத்திரை ஆகாது, உடைஞ்சு போயிரும். பிறவியிலேயே சிலருக்கு அப்படி. அங்க இருந்த பெரிய டாக்டர் மூத்திரத்தைப் பாத்த மாத்திரத்துல மாத்திரையை நிறுத்தினாரு, ரத்தம் ஏத்தினாரு, ஆளு பொழைச்சாரு. அதுல இருந்து எனக்குப் பிரைமாகுயின் மேல மரியாதை உண்டு. மாத்திரை ஒண்ணுதான், அதை வாங்கிக்கிற உடம்பு ஆளுக்கு ஆள் வேற. காரணம் தெரியாம அளவைக் கூட்டுறது வைத்தியம் இல்லை, கோவத்தைத் தீத்துக்கிறது. இதை அதிகாரிகிட்ட இவ்வளவு நீளமாச் சொல்லலை. "காரணத்தைக் கண்டுபிடிச்சுட்டுச் சொல்றேன் சார்"னு வெச்சுட்டேன்.

அப்புறம் என் வரிசைப்படி போனேன். மாத்திரை நல்லதா? அதே பெட்டியில இருந்து மாத்திரை வாங்கிச் சாப்பிட்ட சிமெண்ட் ஆலைப் பையன் ஒருத்தன் குணமாகி ஊருக்கே போயிட்டான். அளவு சரியா? எடை போட்டு மறுபடி பாத்தேன், சரி. புதுசாக் கொசு கடிச்சு வந்திருக்குமா? அவரு ஊரை விட்டு நகரவே இல்லை, தெருவுல வேற யாருக்கும் கிருமி இல்லை. ஆக மாத்திரையும் சரி, நாங்களும் சரி. மிச்சம் இருக்கிறது அந்த உடம்புதான்.

இங்க ஒண்ணு கவனிச்சுக்குங்க. பிரைமாகுயின் முழுங்கின உடனே வேலை செய்யுற மாத்திரை இல்லை. அது அரிசி மாதிரி. ஈரல்ல ஒரு நொதி இருக்கு, அதுதான் அடுப்பு. அது எரிஞ்சாத்தான் அரிசி சோறாகும், கிருமி சாகும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த அடுப்பு மந்தமா எரியும். அவங்க மூட்டை மூட்டையா அரிசி போட்டாலும் சோறு வேகாது. அதைக் கண்டுபிடிக்கிற சோதனை நம்ம சுகாதார நிலையத்துல எங்க இருக்கு? ரத்தத்தை எங்கயோ ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பணும். சரி அனுப்புவோம்னு நினைச்சேன். ஆனா அதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருந்துச்சு. நல்லா எரியுற அடுப்புல யாராவது தண்ணி ஊத்திக்கிட்டு இருக்காங்களா?

சில மாத்திரைங்க அந்த வேலையைச் செய்யும். அப்பத்தான் எனக்கு அந்தச் 'சத்து மாத்திரை' மண்டையில மணி அடிச்சுச்சு.

நம்ம ஊர்ல சத்து மாத்திரைன்னா என்னன்னு உங்களுக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தராது. இரும்புச் சத்து மாத்திரையும் சத்து மாத்திரைதான். மாமியாருக்குத் தெரியாம மருமக சாப்பிடுற கருத்தடை மாத்திரையும் சத்து மாத்திரைதான். பொண்ணு பாக்க வர்றப்ப அலமாரியில இருக்கிற வலிப்பு மாத்திரையும் சத்து மாத்திரைதான். அடுத்தவங்க கேக்கக் கூடாதுன்னு நினைக்கிற எல்லா மாத்திரைக்கும் நம்ம ஜனங்க வெச்சிருக்கிற ஒரே பேரு அது. அது பொய்யும் இல்லை. வாசக்கதவுக்குப் போடுற திரை மாதிரி.

திரையை விலக்கணும்னா ஆளு தனியா இருக்கணும். வக்கீலம்மா எங்க தனியா விடுவா? மறுநாள் காலையில ரெண்டு பேரும் வந்தப்ப நர்சம்மாகிட்டக் கண்ணைக் காட்டினேன். "கனகா, உன் முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு, ரத்தம் எவ்வளவு இருக்குன்னு பாத்துருவோம், குழந்தைக்கும் எடை பாக்கணும் வா"ன்னு அவங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க. போறப்ப அவ ரெண்டு தடவை திரும்பிப் பாத்தா.

கதவைச் சாத்திட்டு அவரு பக்கத்துல உக்காந்தேன்.

"செல்வராசு, தினமும் சத்து மாத்திரை சாப்பிடுறியாமே. என்ன சத்துப்பா? இரும்பா, சுண்ணாம்பா?"

"தெரியலைங்க டாக்டரம்மா. சத்துதாங்க."

"எந்தக் கடையில வாங்குற?"

தரையைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "திருச்சியிலங்க."

"ஏம்ப்பா, அரியலூர்க் கடையில இல்லாத சத்தா? பஸ் ஏறித் திருச்சி வரைக்கும் போயி வாங்குற அளவுக்கு அப்படி என்ன சத்து அது?"

நான் சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டேன். அவரும் சிரிக்கப் பாத்தாரு. உதடு கோணிக்கிட்டுப் போச்சு, பொலபொலன்னு அழுதுட்டாரு.

ஒடிசாவுல ஒரு மலையடிவாரத்துல போர் போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. மேல இருந்து இரும்புக் குழாய் நழுவி, இவரு பக்கத்துல நின்னவன் மேல விழுந்திருக்கு. விக்கிரமங்கலத்துப் பையனாம், ஒரே தட்டுல சாப்பிடுற சிநேகிதம். இவரு மடியிலதான் உயிர் போயிருக்கு. ஊருக்கு வந்து எல்லாக் காரியமும் இவரே நின்னு செஞ்சிருக்காரு, ஒரு சொட்டு அழலையாம். திரும்ப வண்டிக்குப் போனப்புறம்தான் ஆரம்பிச்சிருக்கு. தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கலை, குழாயைத் தூக்கினாலே கை உதறும். யாருக்கும் தெரியாமத் திருச்சியில மனநல டாக்டர் ஒருத்தரைப் பாத்திருக்காரு. அவரு குடுத்த மாத்திரைதான் இந்தச் சத்து மாத்திரை. சட்டைப் பையில இருந்து அட்டையை எடுத்து என் கையில குடுத்தாரு. ஃப்ளூஆக்ஸெட்டின்.

பிள்ளைங்களா, அந்த அட்டையைப் பாத்ததும் எனக்கு எழுந்து கை தட்டலாம் போல இருந்துச்சு. என் எதிர்ல ஒருத்தர் அழுதுக்கிட்டு இருக்காரு, அதனால தட்டலை. நான் தேடின தண்ணி இதுதான். நல்ல மாத்திரை, எத்தனையோ பேரைத் தூக்கி நிறுத்தின மாத்திரை. ஆனா ஈரல்ல அந்த அடுப்பைப் போயி அணைச்சுரும். இந்த மனுசன் ஒரு மணி அரிசி சிந்தாம ரெண்டு தடவை உலையில போட்டிருக்காரு. சோறாகலை.

விஷயத்தைச் சொன்னேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "இன்னைக்கே இதைத் தூக்கிப் போட்டுடறேங்க"ன்னாரு.

"போட்டியோ, கொன்னுருவேன்"னேன். நிஜமாவே அதட்டினேன். இந்த இடத்துலதான் நம்ம ஆளுங்க பலபேர் சறுக்குவாங்க. மலேரியா நம்ம துறை, மனசு நம்ம துறை இல்லைன்னு அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லிருவாங்க. காய்ச்சல் போயிரும், ஆளும் போயிருவான். நான் கேட்டேன், "இது இல்லாம உன்னால குழாய் பக்கத்துல நிக்க முடியுமா?"

"முடியாதுங்க. இது இருக்கிறதாலதான் நிக்கிறேன்." அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "டாக்டரம்மா, இது வெளிய தெரியக் கூடாதுங்க. தெரிஞ்சா வண்டியில எவனும் என் பக்கத்துல நிக்க மாட்டான். கை நடுங்குறவனை நம்பி எவன் நிப்பான்? கனகாவுக்கு மட்டும் தெரியவே கூடாதுங்க. என்னைப் பாறையாட்டம் நினைச்சுக்கிட்டு இருக்கா. தெரிஞ்சா உடைஞ்சு போயிருவா."

"என் வாயில இருந்து வராது"ன்னேன்.

திருச்சி டாக்டர்கிட்ட அவரு முன்னாடியே ஃபோன் போட்டேன். நல்ல மனுசன். மலேரியாக் கதையைக் கேட்டுட்டு, "நான் இதை யோசிக்கவே இல்லை மேடம், நம்ம பக்கம் மலேரியா எங்க இருக்கு"ன்னாரு. "உங்க தப்பு இல்லை டாக்டர், அது வடக்க இருந்து வண்டி ஏறி வந்துச்சு"ன்னேன். அந்த அடுப்பு பக்கமே போகாத வேற மாத்திரைக்குக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தலாம்னு முடிவாச்சு. ஆனா பழைய மாத்திரை லேசுல உடம்பை விட்டுப் போகாது, வாரக்கணக்குல தங்கும். அது வரைக்கும் பிரைமாகுயினை மறுபடி ஆரம்பிச்சுப் பிரயோசனம் இல்லை. ரத்தத்துல இருக்கிற கிருமியை மட்டும் அப்பப்பக் கொன்னுக்கிட்டு, காத்திருக்கணும்.

கனகா உள்ள வந்தா. புருசன் கண்ணு சிவந்திருக்கிறதைப் பாத்தா, என்னைப் பாத்தா. நான் அவளுக்குப் புரியுற மாதிரி, பொய் இல்லாம, ரகசியமும் போகாம சொன்னேன். "உன் வூட்டுக்காரரு ஒரு மாத்திரையைக் கூடத் துப்பலை. அரிசியை ஒழுங்காத்தான் போட்டிருக்காரு, அடுப்புதான் எரியலை. இனிமே எரிய வெப்போம். யாராவது இவரை மாத்திரை தின்னாதவன்னு சொன்னா என்கிட்ட அனுப்பு."

அவ கேட்டது ஒரே கேள்விதான். "சத்து மாத்திரையை நிறுத்தணுங்களா டாக்டரம்மா?"

"நிறுத்த வேணாம். வேறயா மாத்தணும்."

"சரிங்க"ன்னா. அவ்வளவுதான். ஏன், எதுக்கு, என்ன மாத்திரைன்னு வாயே திறக்கலை. எங்க வக்கீலம்மா ஒரு வார்த்தையோட விட்டதை நான் அன்னைக்குத்தான் பாத்தேன். களைச்சுப் போயிட்டான்னு நினைச்சுக்கிட்டேன்.

மேலதிகாரிக்கு ஃபோன் போட்டேன். "காரணம் கிடைச்சிருச்சு சார். அவரு சாப்பிடுற இன்னொரு மருந்து பிரைமாகுயினை வேலை செய்ய விடலை. என்ன மருந்துன்னு கேக்காதீங்க, அது அவருக்கும் எனக்கும் உள்ளது."

"அப்படியெல்லாம் ஒண்ணு இருக்கா மேடம்?"

"புத்தகத்துலயும் இருக்கு சார், எங்க வட்டாரத்துலயும் இருக்கு."

ஒத்துழைக்காத நோயாளிங்கிற பேச்சு அதோட நின்னுது.

காத்திருந்த அந்த வாரங்கள்தான் கொடுமை. நடுவுல ஒரு தடவை காய்ச்சல் வந்துச்சு, அதை அடக்கினோம். முதலாளியோட ஆளு சுகாதார நிலையத்துக்கே ஃபோன் பண்ணி, "ஆளு தேறுவானா மாட்டானா, சொல்லிடுங்க"ன்னான். "தேறுவாரு. அவரு இடத்தை வெச்சிரு. வேற ஆளைப் போட்டன்னா நாளைக்கு உன் வண்டி ஆளுங்களுக்கு ரத்தம் பாக்க நான் வர மாட்டேன்"னு சொன்னேன். அது வெறும் மிரட்டல், வராம இருப்பேனா? அவனுக்கு அது தெரியாது. அதே நேரத்துல திருச்சியில இருந்து சேதி வந்துச்சு, புது மாத்திரை ஒத்துக்கிச்சு, தூங்குறாரு, கை நடுக்கம் இல்லைன்னு.

அப்புறம் மறுபடியும் ரெண்டு வாரம். தினமும் காலையில வந்தாரு, முழுங்கினாரு, பழக்கத்துல வாயைத் திறந்தாரு. "மூடுப்பா வாயை, நீ நாக்கைக் காட்டுனதெல்லாம் போதும்"னேன். கிண்டல் பண்ணின அந்தக் கிழவிக்குத்தான் ஏமாத்தமாப் போச்சு.

காய்ச்சல் திரும்பி வரலை. மாசங்கள் போச்சு, ரத்தத்தைத் திரும்பத் திரும்பப் பாத்தோம், சுத்தம். உடம்பு தேறி, சட்டை இறுக்கமாகி, என்கிட்டச் சான்றிதழ் வாங்கிக்கிட்டு அரியலூர்ல ரயில் ஏறிப் போனாரு. கொசுவலை எடுத்துக்கிட்டியான்னு நான் கேட்டதுக்கு, எடுத்துக்கிட்டாருன்னு கனகா பதில் சொன்னா.

கொஞ்ச நாள் கழிச்சு அவ குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்தா. ஆண்டிமடத்துல இருந்து ஒரு பை முந்திரிப்பருப்பு கொண்டாந்தா. வேணாம்னா கேக்கவா போறா? பேசிக்கிட்டே இருந்தவ, திடீர்னு குரலைத் தாழ்த்தினா.

"புது சத்து மாத்திரை அவருக்கு நல்லா ஒத்துக்கிச்சுங்க டாக்டரம்மா. இப்பல்லாம் தூக்கத்துல அலறுறதில்லை."

எழுதிக்கிட்டு இருந்த பேனாவைக் கீழ வெச்சேன். "உனக்குத் தெரியுமா?"

"அட்டையை ஆண்டிமடத்துல மருந்துக் கடையில காட்டிக் கேட்டேங்க, அவரு அதைச் சாப்பிட ஆரம்பிச்ச புதுசுலயே. தூக்கத்துல அந்தப் பையன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுவாரு. பக்கத்துல படுத்திருக்கிறவளுக்குத் தெரியாம இருக்குமா? அவரு சத்து மாத்திரைன்னு சொன்னாரு. நானும் அப்படியே வெச்சுக்கிட்டேன். யாராவது கேட்டா அவரு திணறக் கூடாதுன்னு நானே முந்திக்கிட்டுச் சொல்லிருவேன்."

அவ முந்திக்கிட்டுப் பேசின அத்தனை பேச்சும் அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. அவளை வாயாடின்னு நினைச்சு நாங்க பேரு வேற வெச்சு சிரிச்சிருக்கோம். கண்ணு கலங்கிருச்சு எனக்கு. அதை மறைக்கக் கொஞ்சம் அதட்டலாவே கேட்டேன், "ஏண்டி, அப்பவே என்கிட்டச் சொல்லியிருந்தா அந்த மனுசன் இத்தனை தடவை காய்ச்சல்ல கிடந்திருக்க மாட்டாரே?"

கனகா குழந்தையைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டா.

"என்னை வெளிய அனுப்பிட்டு அவரைக் கேட்டீங்க. அவரை வெளிய அனுப்பிட்டு என்னை ஒரு தடவை கேட்டிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பேன்லங்க? அவரு முன்னாடி வெச்சுக்கிட்டே கேட்டா நான் எப்படிங்க சொல்லுவேன்?" வாசல் வரைக்கும் போனவ திரும்பி வந்தா. "எனக்குத் தெரியும்னு அவருகிட்டச் சொல்லிராதீங்க. நான் அவரைப் பாறையாட்டம் நினைக்கிறேன்னு நம்பிக்கிட்டு இருக்காரு, அப்படியே இருக்கட்டுங்க."

சொல்லலை. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட இன்னைக்கு வரைக்கும் சொல்லலை. இப்ப உங்களுக்குக் கூடப் பேரையும் ஊரையும் மாத்தித்தான் எழுதியிருக்கேன். உங்க அறைக்கு எப்பவும் ரெண்டு பேராத்தான் வருவாங்க, பிள்ளைங்களா. ஒவ்வொருத்தரையாத் தனியாக் கேளுங்க.